எல்லாம் பச்சை

செப்டம்பர் 25, திங்கள்

புது சர்வர் வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியில் மேல்பக்கம் என்று அம்புக்குறி போட்டிருந்த பக்கத்தைத் தரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கத்தினேன். "உள்ள தெர்மாகோல் வச்சிருக்கும்க்கா" என்று எனக்கே சமாதானம் சொல்கிறான் ஒருவன்.

இந்தத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் என்று பெயர் கொண்ட எது கெட்டாலும் உலகம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் நான், சர்வர் நின்றாலும் நான். புது டேட்டாபேஸ் மென்பொருளை இன்ஸ்டால் செய்ய அடுத்த மாதம் 26ஆம் தேதி சென்னையிலிருந்து ஆள் வருகிறது. அதற்குள் இந்தப் பெட்டியைத் தயார்செய்து வைக்க வேண்டும். தயாராக இல்லையென்றால் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள், அப்புறம் தை பிறந்துதான் தேதி கிடைக்கும். மேனேஜர் தாணு அண்ணாச்சியோ, தீபாவளிக்கு முன்னால் முடித்துவிடுவதாக முதலாளி டாக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுப்பவருக்கு என்ன, வாய்தானே வலிக்கும்.

ஆஸ்பத்திரிக்கென்று தனியாக ஒரு வேலைக்குறிப்பு எழுதுகிறேன். அதில் 'முடிந்தது', 'சரிபார்க்கப்பட்டது' என்ற இரண்டு சொற்களை வைத்தே பிழைப்பு ஓடுகிறது. அதில் எழுத முடியாததை இங்கே எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை.

செப்டம்பர் 28, வியாழன்

இயங்குதளம் ஏற்றியாயிற்று. நெட்வொர்க்கில் அதற்கு ஒரு நிலையான முகவரி கொடுத்தேன். வெளியாள் நெட்வொர்க் வழியே நுழையக்கூடிய தேவையில்லாத வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்தேன். கடிகாரத்தைச் சரிசெய்தேன். சர்வருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். 'நெல்லையப்பர்' என்று வைக்கச் சொன்னார் அண்ணாச்சி. "நாளைக்கு நெல்லையப்பர் படுத்துட்டாருன்னு வார்டு வார்டா போன் போட்டுச் சொல்லட்டுமா அண்ணாச்சி?" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் தாமிரபரணியின் பழைய பெயரான 'பொருநை'யை வைத்தோம்.

மதியம் ரத்த வங்கியிலிருந்து ஜெபமணி அக்கா வந்தார். அங்கே அவர்தான் தலைமை டெக்னீஷியன். மதுரையில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகிறது. என் அறையில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான்.

"ஏட்டி உலகு, பழசுல இருக்கது ஒண்ணு விடாம புதுசுக்கு வந்துரும்லா? எனக்கு அதான் பயம்" என்றார்.

"ரத்தக் குரூப்தானேக்கா, மறுபடி சோதிச்சாப் போச்சு" என்றேன்.

"குரூப்ப யாரு கேட்டா. முன்ன ரத்தம் ஏத்துனவங்கள்ல செல பேருக்கு, அந்த ரத்தத்துக்கு எதிரா உடம்புல ஒண்ணு உண்டாயிரும். வருசம் போகப் போக அது அடங்கிரும். அப்பம் சோதிச்சா ஒண்ணும் தெரியாது, எல்லாம் ஒத்துப்போன மாரிதான் காட்டும். மறுபடி அதே மாரி ரத்தம் ஏறுச்சோ, முழிச்சுக்கிட்டு நாலஞ்சு நாள்ல ஆளையே சாச்சுரும். எல்லாருக்கும் அப்படி ஆவாது. ஆனா ஆச்சுன்னா ஆச்சுதான். பழைய குறிப்பு மட்டுந்தான் நமக்குச் சொல்லும்."

அந்தக் குறிப்பெல்லாம் பழைய சர்வரில் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேலாக, ஒரு முறைகூட நிற்காமல் ஓடுகிற கிழட்டுப் பெட்டி. கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அவர் கொண்டுவந்த மீன்குழம்பைத் தீர்த்தேன்.

அக்டோபர் 4, புதன்

சர்வர் அறையின் புதுக் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தவில்லை. இடுக்கு வழியே ஏசி காற்று வெளியே போகிறது. அதைக் கண்டுபிடித்து வாசல் பெஞ்சில் ஒரு கர்ப்பிணிப் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், எந்திரிக்கச் சொல்லிராதிய. ஆஸ்பத்திரியிலேயே இங்கனதான் மனுசன் இருக்க முடியுது" என்றாள்.

பெயர் மாரிச்செல்வி. கோவில்பட்டிப் பக்கம். கணவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். இது இரண்டாவது பிரசவம். முதல் பெண் குழந்தையை இங்கேதான் பெற்றாளாம், அது இப்போது பள்ளிக்கூடம் போகிறது. "இதுவும் பொட்டப்பிள்ளையா இருந்தா எங்க மாமியா மூஞ்சியப் பாக்கணுமே, அதுக்காகவே வேணும்" என்று சிரித்தாள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

போன தடவை ரத்தப்போக்காகி ரத்தம் ஏற்றினார்களாம். "அதுக்கப்புறம் ரத்தத்துல என்னமோ சேராதுன்னு சொல்லி ஒரு அட்ட குடுத்தாங்க. பத்திரமா வைக்கச் சொன்னாங்க. வீடு மாத்துனதுல எங்கன போச்சுன்னு தெரியல. அது இல்லாட்டா ஏசுவாங்களாக்கா?"

"அட்டை போனா போகட்டும். எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு, கவலப்படாதீங்க" என்று கண்ணாடிக்கு உள்ளே காட்டினேன்.

எட்டிப் பார்த்தாள். "இதுக்குள்ளயா நான் இருக்கேன்?" என்றாள்.

அக்டோபர் 9, திங்கள்

இன்ஸ்டால் செய்யும் கம்பெனி ஒரு முன்சோதனை நிரலைக் கொடுத்திருக்கிறது. அதை ஓட்டினால் நம் சர்வர் எதில் தேறுகிறது, எதில் தேறவில்லை என்று பச்சை, சிவப்பில் காட்டும். எல்லாம் பச்சையானால்தான் ஆள் கிளம்பி வரும்.

ஒரே ஒரு சிவப்பு. ஹார்டு டிஸ்கில் இடம் போதாது. நான் கேட்டதில் பாதியைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். புது டிஸ்க் வர மூன்று வாரம் ஆகும் என்கிறான் கடைக்காரன். அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஏம்மா, நான் டாக்டர்ட்ட என்னன்னு சொல்லுவேன்? எப்படியாவது பச்சையாக்கு" என்றார். வெண்டைக்காய்க்குச் சாயம் அடிக்கச் சொல்வது போல.

அக்டோபர் 11, புதன்

பழைய சர்வரில் இருப்பதைத் தினமும் நகலெடுத்து வைக்கிற பேக்கப் பெட்டியில் இரண்டு பெரிய டிஸ்க் இருந்தன. அதே அளவு, அதே வகை. கழற்றிப் புதுசில் போட்டேன். போடும் முன் அழித்துத்தான் ஆக வேண்டும். அழித்தேன். கடையில் சொன்ன டிஸ்க் வந்ததும் பேக்கப் பெட்டிக்கு அதைப் போட்டுவிடலாம். கொஞ்ச நாளைக்குத்தானே. கிழட்டுப் பெட்டி இத்தனை வருஷம் ஓடியதல்லவா, இன்னும் கொஞ்ச நாள் ஓடாதா?

வேலைக்குறிப்பில் 'இட வசதி: சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 12, வியாழன்

எல்லாம் பச்சை. அண்ணாச்சி லட்டு வாங்கிக் கொடுத்தார்.

அக்டோபர் 17, செவ்வாய்

வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை. சிலிண்டரும் தீர்ந்துவிட்டது. தூத்துக்குடியில் துறைமுக வேலையில் இருக்கும் என் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை வந்தபோதே புக் செய்யச் சொன்னேன் என்கிறார் போனில். சொன்னார்தான். டிஸ்க் கடைக்காரன் பூஜை விடுமுறை கழிந்து அனுப்புகிறேன் என்கிறான்.

அக்டோபர் 21, சனி

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் துடைத்துப் பொட்டு வைக்கும் வேலை நடக்கிறது. ஐசியூவையும் ஆபரேஷன் தியேட்டரையும் விட்டுவிட்டு, எக்ஸ்ரே, லிஃப்ட், ஜெனரேட்டர், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் சாயங்காலம் நிறுத்திப் படையலுக்கு வைத்துவிட்டு, மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் சர்வருக்கு நான் செய்கிற தந்திரம் ஒன்று உண்டு. திரையை மட்டும் அணைத்து அதற்குச் சந்தனம் வைத்துவிடுவேன். பெட்டி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். மரக்கதவு இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை.

இன்று அண்ணாச்சி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார். "இது என்ன, பூஜைக்கு நிறுத்துனாலும் இந்த லைட்டு மினுங்கிட்டே இருக்குமா?"

நிறுத்துவதில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. முகம் மாறிவிட்டது. "போன வருசம் லிஃப்ட் அறுந்துச்சு. அதுக்கு முந்தின வருசம் ஜெனரேட்டர் புகைஞ்சுது. இப்பல்லா தெரியுது காரணம். வருசத்துல ஒரு நாள் அதுவும் ஓயட்டும்மா."

"வேண்டாம் அண்ணாச்சி. பழைய டிஸ்க். நிறுத்துனா மறுபடி எந்திரிக்குமோ என்னமோ."

"நீதான் தினமும் பேக்கப் எடுக்கியேம்மா. பெறவு என்ன பயம்?"

 டிஸ்கை அழித்ததைச் சொல்லவில்லை. சரி அண்ணாச்சி என்றேன்.

அக்டோபர் 23, திங்கள்

டாக்டர் குடும்பத்தோடு வந்திருந்தார். நானே நிறுத்தினேன். மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தபோது அறை இவ்வளவு அமைதியாக இருக்குமா என்று இருந்தது. பத்து வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி, சுண்டல்.

அக்டோபர் 24, செவ்வாய்

எழவில்லை.

சூடம் காட்டினார்கள், நான் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. டிஸ்க் டக், டக் என்று தட்டிவிட்டு நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி தட்டியது. இளம் சூட்டில் வைத்துப் பார்த்தேன், வேறு பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது ஒரு நாள் குளிர்ந்ததும் இறுகிவிட்டது. இது நடக்கும் என்று எனக்குத் தெரியும்.  

அக்டோபர் 25, புதன்

டிஸ்கைச் சென்னைக்கு அனுப்பி மீட்டுப் பார்க்கலாம், மாதக் கணக்கில் ஆகும், தேறுமென்று சொல்ல முடியாது என்றேன் அண்ணாச்சியிடம். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பேக்கப்?"

"அதுவும் எடுக்க வரல" என்றேன்.

"நான்தானம்மா நிறுத்தச் சொன்னேன். டாக்டருக்குத் தெரிஞ்சா என்னை இன்னைக்கே வெளிய அனுப்பிருவாரு" என்று தலையில் கைவைத்தார். அறுபது வயது ஆள் என் முன்னால் அழப் பார்க்கிறார். அவர் தன் தப்பு என்றே நினைக்கிறார். நான் திருத்தவில்லை.

யாரிடமும் சொல்லாதே என்றார். பில் போடும் கம்ப்யூட்டர் தனி, அதில் நோயாளிகளின் பெயர், வயது, ரத்தக் குரூப் எல்லாம் இருக்கிறது. அதைப் புதுசில் ஏற்றிவிட்டால் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றார். ஜெபமணி அக்கா சாப்பிட வந்தபோது பழைய சர்வரை மாற்றும் வேலைக்காக நிறுத்தியிருக்கிறேன் என்று சொன்னேன்.

அக்டோபர் 27, வெள்ளி

இன்ஸ்டால் முடிந்தது. சென்னையிலிருந்து வந்த தீபன், "இவ்ளோ க்ளீனா ரெடி பண்ணி வச்ச சர்வர நான் பார்த்ததே இல்ல மேடம்" என்றார். ஒரு தடவைகூடச் சிவப்பு வரவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

பில்லிங்கிலிருந்து பெயர்களை ஏற்றும்போது ஓர் இடத்தில் நின்றது. 'முந்தைய ரத்த எதிர்ப்பு' என்று ஒரு கட்டம். உண்டு, இல்லை, இரண்டில் ஒன்று போட்டால்தான் உள்ளே விடுகிறது.

"காலியா விட்டா ஏத்தாது மேடம். தெரியாதுன்னு மூணாவதா ஒண்ணு சேர்க்கலாம். ஆனா உங்க டாக்டர்கிட்ட இருந்து ஒரு மெயில் வேணும், ஏன் தெரியாதுன்னு" என்றார் தீபன் போனில்.

அண்ணாச்சியிடம் கேட்டேன். "அந்த மெயில் மட்டும் வேண்டாம்மா. பெரும்பாலானவங்களுக்கு என்ன இருக்கும்?"

"இல்லைன்னுதான் இருக்கும்."

"அப்பம் அதையே போடு. டிஸ்க் மீண்டு வந்தா திருத்திக்கிடலாம்."

ஒரே வரிக் கட்டளை. எல்லாப் பெயருக்கும் நேராக 'இல்லை'. நொடியில் முடிந்துவிட்டது. பெரும்பாலும் உண்மைதான்.

நவம்பர் 6, திங்கள்

திறப்பு விழா. டாக்டர் ரிப்பன் வெட்டினார். எனக்குச் சால்வை போட்டார்கள். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது போன். ஜெபமணி அக்கா.

"உலகு, பிரசவ கேஸ் ஒண்ணு, ரத்தம் கொட்டுது. ஆளுக்கு நெனப்பு இல்ல. ரத்தம் சேருதான்னு கிராஸ்மேட்ச் பாத்தேன், ஒத்துப்போச்சு. முன்ன இங்க பாத்த ஆளுதான். புதுசுல எதிர்ப்பு இல்லைன்னு காட்டுது. நம்பலாமாட்டி?"

அண்ணாச்சி பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். டாக்டர் என்னைக் கைகாட்டி ஏதோ பாராட்டிக்கொண்டிருந்தார்.

"நம்பலாம்க்கா" என்றேன்.

பெயரைக் கேட்கவில்லை. அவசரத்தில் இருந்தார், நானும் மேடையில் இருந்தேன். கேட்க நேரம் எங்கே இருந்தது.

நவம்பர் 7, செவ்வாய்

கோவில்பட்டிப் பெண்ணாம். ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

நவம்பர் 9, வியாழன்

மூன்றாம் மாடி வார்டில் பிரிண்டர் வேலை இருந்தது, போனேன். வாசலிலிருந்தே பார்த்தேன். மாரிச்செல்வி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை என்று ஜெபமணி அக்காவே சொல்லியிருக்கிறார். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். "யக்கா, ஏமாத்திட்டான், பையன்!" என்று கத்தினாள். நான் சிரித்தேன். உள்ளே போகவில்லை, பிரிண்டர் வேலை கிடந்தது.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

வீட்டுக்காரர் வந்திருக்கிறார். முறுக்கு கருகிவிட்டது. ஜெபமணி அக்காவுக்கு இன்று ட்யூட்டி, வாழ்த்துச் சொல்லப் போன் செய்தேன். வாழ்த்துச் சொல்லத்தான்.

"அந்தக் கோவில்பட்டிப் பிள்ளைக்குக் காய்ச்சல். கண்ணு மஞ்சளா கெடக்கு. ரத்தம் மறுபடி எறங்கிட்டு. உள்ள எங்கயாவது கசியுதோன்னு பாக்குதாங்க. இன்னும் ரெண்டு பை ஏத்தச் சொல்லிருக்காங்க" என்றார்.

வெளியே சரம் வெடித்தது. சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். கேட்டது.

மறுபடி எடுத்து எண்ணை அழுத்தினேன், மணி அடிக்கும் முன் நிறுத்தினேன். நான் என்ன டாக்டரா? அவர்களுக்குத் தெரியாதா? இப்படி ஒவ்வொன்றாக எனக்கே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஏன் இப்படி இருக்க?" என்று கேட்டார் வீட்டுக்காரர். முறுக்கு கருகிவிட்டது என்றேன்.

நவம்பர் 14, செவ்வாய்

ஜெபமணி அக்கா சாப்பிடாமல் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டார். மாரிச்செல்வியின் ரத்தத்தை மறுபடி சோதித்தாராம். எதிர்ப்பு நன்றாகத் தெரிகிறதாம். "இத்தன வேகத்துல புதுசா உண்டாவாது உலகு. முன்னாலயே இருந்திருக்கணும். எங்க தப்பு பண்ணுனேன்னு தெரியல. நான் எல்லாம் சரியாத்தான் பாத்தேன்" என்றார். கிட்னி வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் போகிறது.

"நீங்க தப்பு பண்ணல" என்றேன். யார் பண்ணியது என்று சொல்லவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நவம்பர் 16, வியாழன்

மாரிச்செல்வி இறந்துவிட்டாள்.

புருஷன்காரன் பில் கவுன்டரில் நின்று, என்ன வியாதி என்று என்ன எழுதிக் கொடுப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. மாமியார் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, அது அழும்போதெல்லாம் அதைவிடச் சத்தமாக அழுதாள். அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையேம்மா?" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"இருக்கு அண்ணாச்சி" என்றேன். "நீங்க நிறுத்தச் சொன்னதால மட்டும் இல்ல. பேக்கப் டிஸ்க நான்தான் முன்னாலயே எடுத்து அழிச்சேன். பச்சையாக்க."

 அண்ணாச்சி மெதுவாக நடந்து போனார்.

நவம்பர் 17, வெள்ளி

காலையில் முதல் வேலையாக அந்தக் கட்டத்தில் மூன்றாவது தேர்வைச் சேர்த்தேன். மெயில் எதுவும் தேவைப்படவில்லை. தலைமைப் பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது. அது அன்றைக்கும் என்னிடம்தான் இருந்தது. பிறகு ஒரு கட்டளை. பில்லிங்கிலிருந்து ஏற்றிய எல்லாப் பெயருக்கும் நேராக 'தெரியாது'. இதுவும் நொடியில் முடிந்துவிட்டது.

வேலைக்குறிப்பில் டிஸ்கை அழித்ததிலிருந்து எல்லாவற்றையும் எழுதி டாக்டருக்கு அனுப்பினேன். அதற்குள் போன் அடித்தது.

"ஏட்டி உலகு, ஆருக்குப் போட்டாலும் தெரியாதுன்னு வருது. மெஷின்ல என்னமும் கோளாறா?"

"இல்லக்கா. பழைய குறிப்பு ஒண்ணும் நம்மகிட்ட இல்ல. பூஜையன்னைக்கே போயிட்டு. இல்லைன்னு போட்டு நிரப்புனது நான்."

 போனில் ரத்த வங்கிக் குளிர்பெட்டி இரைவது மட்டும் கேட்டது.

"அன்னைக்கு நான் போன் போட்டுக் கேட்டேம்லா" என்றார்.

"கேட்டீங்கக்கா."

"நம்பலாமான்னு கேட்டேன்."

"ஆமாக்கா."

"ரெண்டு தடவையும் அந்தப் பைய என் கையாலதான் எடுத்துக் குடுத்தேன், உலகு" என்றார்.